கட்டியக்காரியின் மூன்று தொழில்கள்: கேரல் பர்னெட், ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் சத்துவாச்சாரியில் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் நடத்திவரும் மேடைப் பயிற்சிக்கு வரும் மாணவியரில் ஒருவர், சென்ற தை மாதத்தில், எல்லோரும் கிளம்பிய பிறகும் தயங்கி நின்றுகொண்டிருந்தார். கல்லூரி விழாக்களில் நகைச்சுவை நாடகம் போடுபவர். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் பொங்கல் நிகழ்ச்சி ஒன்றைத் தொகுத்து வழங்கியிருந்தார். கையில் இருந்த நோட்டுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் அவர் எழுதிய கதைகள். "மேடம், நடிப்பா, எழுத்தா, டிவியா, ஏதாவது ஒண்ணைச் சொல்லு, மூணையும் வச்சிக்கிட்டு அலையாதேன்னு அப்பா சொல்றாரு. நான் எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார்.

வாய்வார்த்தையாக ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மூன்றையும் ஒருசேரச் செய்து நிலைத்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்து, அவர் எந்த இடத்தில் எந்த முடிவை எடுத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதை வரிசையாகப் பார்ப்பதே அந்தக் கேள்விக்குச் செய்யும் மரியாதை என்று தோன்றியது. அவ்வாறு எங்கள் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டதுதான் அமெரிக்க நகைச்சுவை நடிகையும் எழுத்தாளரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான கேரல் பர்னெட்டின் வாழ்வு. நம் ஆச்சி மனோரமா இருக்க அமெரிக்கா வரை ஏன் போக வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. 1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த மனோரமாவை நாம் அவருடைய வேடங்களின் வழியாக அறிவோம். ஆனால் எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, எந்த வாய்ப்பை எந்தக் காரணத்தால் ஏற்றார், எதை மறுத்தார் என்பன நம் திரையுலகில் பெரும்பாலும் பதிவாகாமல் போகும் செய்திகள். பர்னெட்டோ தம் முடிவுகளைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். ஒரு வாழ்க்கையை ஆய்வுக்கு எடுக்க அந்தப் பதிவு தேவைப்படுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த வடார்க்காட்டுக்காரர்களுக்கு அது எளிதில் விளங்கும். கூத்தில் முதலில் சபைக்கு வருபவன் கட்டியக்காரன். அவன் ராஜாவும் அல்லன், வீரனும் அல்லன். திரைக்குப் பின்னால் நிற்கும் வேடக்காரரிடம் கேள்வி கேட்டு அவரைச் சபைக்கு அறிமுகப்படுத்துவான். அடுத்த நொடியே அவருக்குக் காவலாளியாகவோ தூதனாகவோ கதைக்குள் புகுந்துகொள்வான். நடுவில் கதையை நிறுத்திவிட்டு முன்வரிசையைப் பார்த்து ஊர் வம்பு பேசுவான். விடியற்காலையில் கண் சொருகும் கூட்டத்தைச் சிரிக்கவைத்து எழுப்புவான். நடிகன், தொகுப்பாளன், அந்த நேரத்துக்கு வசனம் கட்டும் ஆசிரியன் ஆகிய மூவரும் அவனுக்குள் ஒரே ஆளாக இருக்கிறார்கள். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசை தொடங்கிக் காட்பாடி வரை எந்த ஊரிலும் கட்டியக்காரனிடம் "மூன்றில் உன் தொழில் எது?" என்று யாரும் கேட்டுக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் வழிவழியாக அந்த இடத்தில் நின்றவர்கள் ஆண்கள். பாஞ்சாலி வேடத்தையும் அவர்களே கட்டினார்கள். கட்டியக்காரனின் இடத்தில் ஒரு பெண் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் நாம் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

ஒரே அறையும் ஒரு வாக்கியமும்

கேரல் பர்னெட் 1933 ஏப்ரல் 26 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் பிறந்தார். தந்தை, தாய் இருவருமே மதுவுக்கு அடிமையானவர்கள். அதனால் அவரை வளர்த்தது தாயின் தாய். நானி என்று அழைக்கப்பட்ட அந்தப் பாட்டிதான் அவருக்கு எல்லாம். பாட்டியும் பேத்தியும் கலிபோர்னியா சென்று, ஹாலிவுட் வீதிக்கு அருகே இருந்த பழைய கட்டடம் ஒன்றில், 102 என்று எண்ணிட்ட ஒரே அறையில், அரசின் உதவித்தொகையை நம்பிக் குடியிருந்தார்கள். தாய் அதே கட்டடத்தில் வேறொரு அறையில் இருந்தார். திரைப்பட இதழ்களுக்கு நட்சத்திரங்களைப் பேட்டி கண்டு எழுதிப் பெயர் வாங்க வேண்டும் என்று ஊரைவிட்டு வந்தவர் அந்தத் தாய், அது நிறைவேறவில்லை. கையில் காசு கிடைத்தபோதெல்லாம் பாட்டியும் பேத்தியும் சினிமாவுக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் பார்த்த படத்தை முழுவதுமாகத் தோழிகளோடு நடித்துப் பார்ப்பது பேத்தியின் விளையாட்டு.

மகள் பெரியவளானபோது தாய் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பர்னெட் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார்: பார்க்க எப்படி இருந்தாலும் உன்னால் எழுத முடியும். அழகில்லை என்பதைச் சொல்லிக்கொண்டே கையில் ஒரு தொழிலையும் கொடுத்த வாக்கியம் அது. எங்கள் பயிற்சியில் இதை வாசித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. "நெறம் கம்மியா இருந்தா என்ன, நல்லாப் படிக்குதே" என்ற பேச்சைக் கேட்டு வளராத பெண் நம் ஊரில் குறைவு என்பதால், அந்தத் தாயை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாக்கியத்தைப் பர்னெட் பாதி மீறினார், பாதி நிறைவேற்றினார் என்பதுதான் இந்த ஆய்வில் நான் கண்டது. முகத்தை மறைத்துக்கொண்டு எழுதப் போகச் சொன்ன தாயின் மகள், முதலில் அதே முகத்தோடு கோடிக்கணக்கானவர்கள் முன் நின்றார், பிறகு எழுதினார், எழுதியபோது அந்தத் தாயையே எழுதினார்.

இரண்டு கடன்கள்

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டார். கட்டணத்துக்குப் பணம் இல்லை. ஒரு நாள் அஞ்சல் பெட்டியில் அவர் பெயர் எழுதிய உறை ஒன்று கிடந்தது. உள்ளே 50 டாலர். கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உள்ளே போனார். நாடகம் எழுதக் கற்பதற்காக நாடகத் துறையில் சேர்ந்தபோது, அங்கே முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் நடிப்பு வகுப்பிலும் அமர வேண்டும் என்பது விதி. மாணவர் நாடகம் ஒன்றில் நாட்டுப்புறப் பெண்ணாக வந்து அவர் சொன்ன முதல் சொல்லுக்கே அரங்கம் சிரித்தது. எழுதப் போனவர் நடிகையானது இப்படித்தான். இங்கே கவனிக்க வேண்டியது, எழுத்தை விட்டுவிட்டு நடிப்புக்கு வந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை. எழுத்தின் வாசல் வழியாக நடிப்புக்குள் நுழைந்தார்.

1954இல் சான் டியேகோவில் ஒரு விருந்தில் மாணவர்கள் சில காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். அது முடிந்து, விருந்து மேசையிலிருந்த தின்பண்டங்களைப் பாட்டிக்காகத் தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்த பர்னெட்டின் தோளை ஒருவர் தொட்டார். திருட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்று பயந்தவரிடம், வாழ்க்கையில் என்ன செய்ய விரும்புகிறாய் என்று அவர் கேட்டார். நியூயார்க் சென்று மேடையில் நடிக்க வேண்டும் என்றார். ஏன் போகவில்லை? பணம் இல்லை. அந்தச் செல்வந்தர் அவருக்கும் உடனிருந்த நண்பருக்கும் ஆளுக்கு 1,000 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தார். நிபந்தனைகள்: ஐந்து ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டும், தன் பெயரை எக்காலத்திலும் வெளியே சொல்லக் கூடாது, வெற்றி பெற்றால் இன்னொருவருக்கு இதே போல உதவ வேண்டும். பர்னெட் தவணைக்குள் கடனை அடைத்தார். பெயரை அவர் சொன்னதே இல்லை.

இதை அதிர்ஷ்டக் கதை என்று கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. ஆதரவு இல்லாத பெண் கலைக்கு வருவதற்குத் திறமைக்கு முன்னால் கைமுதல் தேவைப்படுகிறது. அந்த முதல் எந்தக் கையிலிருந்து, எந்த நிபந்தனையோடு வருகிறது என்பதில்தான் பின்னாளைய சுதந்திரம் அடங்கியிருக்கிறது. இந்தக் கடனில் கொடுத்தவருக்குப் புகழ் இல்லை, பங்கு இல்லை, உரிமை இல்லை. வாய்ப்பு வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களின் பேச்சை எடைபோட இந்த மூன்று நிபந்தனைகளையும் படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம் என்று மாணவியரிடம் சொன்னேன்.

நியூயார்க்கில் இளம் நடிகையர் தங்கும் விடுதி ஒன்றில் இடம் பிடித்து, உணவகத்தில் வருவோரின் தொப்பிகளையும் மேலங்கிகளையும் வாங்கி வைக்கும் வேலை செய்தார். எங்கே போனாலும், நீ நடித்து நாங்கள் பார்த்ததில்லையே, எதிலாவது நடித்தால் சொல், வந்து பார்க்கிறோம் என்றார்கள். நடிக்காமல் பார்க்க முடியாது, பார்க்காமல் நடிக்க விடமாட்டார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க, 1955இல் விடுதிப் பெண்களையே சேர்த்து, பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த ஒரு கதம்ப நிகழ்ச்சியைத் தாங்களே மேடையேற்றி, முகவர்களை அழைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு வாய்ப்புகள் வரத் தொடங்கின. அதே ஆண்டில் குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் முதல்முறை தோன்றியபோது, தொலைவில் இருக்கும் பாட்டிக்கு ஏதாவது சாடை காட்ட வேண்டுமே என்று இடது காது மடலைப் பிடித்து இழுத்தார். நான் நலமாக இருக்கிறேன் என்பது அதன் பொருள். பாட்டி இறந்த பிறகும் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் காதை இழுப்பதை அவர் நிறுத்தவில்லை.

1957இல், அப்போது அமெரிக்காவின் வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் என்ற கடுகடுத்த முகத்துப் பெரியவர்மேல் பித்துப் பிடித்த பெண்ணாக ஒரு வேடிக்கைப் பாட்டைப் பாடி நாடெங்கும் பேசப்பட்டார். பேட்டியொன்றில் அதுபற்றிக் கேட்டபோது, இதயத்து விவகாரங்களைப் பொது இடத்தில் பேசுவதில்லை என்று டல்லஸ் பதில் சொன்னது அந்தப் பாட்டுக்கு இன்னும் பெயர் தேடித்தந்தது. 1959இல் நியூயார்க் இசை நாடகமொன்றில் நாயகி. அதே ஆண்டு கேரி மூர் என்பவரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிரந்தர இடம். 1962இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது முதல்முறை. கேரி மூரிடம் அவர் கற்றது ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: ஒத்திகையில் தனக்கு எழுதப்பட்ட நல்ல வசனம் இன்னொருவர் வாயில் வந்தால் கூடுதலாகச் சிரிப்பு வரும் என்று தெரிந்தால், மூர் அதை எடுத்து அவருக்கே கொடுத்துவிடுவார்.

ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு

இந்த வாழ்வில் ஒரே ஓர் இடத்தை மட்டும் மாணவியர் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் காட்டுவது இதுதான். 1962இல் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தோடு பர்னெட் பத்து ஆண்டு ஒப்பந்தம் செய்தார். ஆண்டுக்கு ஒரு சிறப்பு நிகழ்ச்சியும் இரண்டு விருந்தினர் தோற்றமும் தர வேண்டும் என்பது வழக்கமான பகுதி. அதற்குள் வேறொரு பிரிவும் இருந்தது. முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் விரும்பிக் கேட்டால், ஒரு மணி நேரக் கதம்ப நிகழ்ச்சிகள் முப்பதை நிறுவனம் அவருக்குக் கொடுத்தே தீர வேண்டும். ஒளிபரப்பாவிட்டாலும் அவற்றுக்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும்.

அந்த ஐந்தாண்டு முடிய ஒரு வாரமே இருந்தது. 1966 டிசம்பர், கிறிஸ்துமசுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாள்கள். பர்னெட்டும் கணவர் ஜோ ஹாமில்டனும் புதிதாக ஒரு வீடு வாங்கி, வீட்டுக்குச் சாமான்கூட வாங்காமல் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்த காலம். கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒரு குழந்தை. அவர் தொலைபேசியை எடுத்து நிறுவனத்தின் உயர் அதிகாரியிடம், அந்த முப்பது நிகழ்ச்சிகளை நான் கேட்கிறேன் என்றார். அந்த அதிகாரிக்கு அப்படியொரு பிரிவு நினைவிலேயே இல்லை. வழக்கறிஞர்களிடம் கேட்டுவிட்டு மறுநாள் பேசியவர், கதம்ப நிகழ்ச்சி நடத்துவது ஆண்களின் வேலை என்று சொல்லிச் சில நடிகர்களின் பெயர்களை அடுக்கினார். அதற்குப் பதிலாகக் குடும்ப நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தருவதாகவும் சொன்னார். வாரந்தோறும் ஒரே பெண்ணாக நடிக்க எனக்கு விருப்பமில்லை, வாரம் ஒரு வேடம், இசை, நடனம், விருந்தினர்கள், அதுதான் எனக்குத் தெரிந்தது என்று பர்னெட் மறுத்தார்.

இந்த உரையாடலில் திறமை பற்றிய பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் வல்லவர் என்பதை நிறுவனம் மறுக்கவில்லை. அந்த இடம் பெண்ணுக்குரியதில்லை என்று மட்டும் சொன்னது. அதற்கு வாதம் எதுவும் பயன்பட்டிருக்காது. பயன்பட்டது கையெழுத்திட்ட தாள். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களும், படித்தாலும் கேட்கக் கூச்சப்படுகிறவர்களும் நம்மிடையே நிறையப் பேர். ஐந்தாண்டு முடிய ஒரு வாரம் இருக்கையில் அவர் கூச்சப்பட்டிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

விளக்கைப் போடச் சொன்னவர்

'தி கேரல் பர்னெட் ஷோ' 1967 செப்டம்பர் 11 அன்று தொடங்கியது. 1978 மார்ச் 29 வரை பதினொரு பருவங்கள் (சீசன்கள்) ஓடி 25 எம்மி விருதுகளைப் பெற்றது. தொடக்கத்தில் பார்வையாளர்களோடு நேரடியாகப் பேசுங்கள் என்று பாப் பேனர் என்ற தயாரிப்பாளர் ஆலோசனை சொன்னார். பர்னெட் நடுங்கினார். வேடத்துக்குள் நுழைந்தால் எதையும் செய்யக்கூடிய அவருக்கு, தானாக நின்று பேசுவது பயமாக இருந்தது. யாரும் கேள்வியே கேட்காவிட்டால் என்ன செய்வது, கேட்டுவிட்டால் என்ன செய்வது, இரண்டும் பயம். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் அரங்க விளக்குகளைப் போடச் சொல்லி, இருட்டில் இருந்த கூட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கேட்கச் சொன்னார். முன்கூட்டியே கேள்வி எழுதிக் கொடுத்து ஆள் வைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. அதனால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பதும் ஒளிபரப்பாயிற்று.

கட்டியக்காரனை இங்கேதான் நினைத்தேன். சபையோடு முதலில் தன் முகத்தால் பேசிவிட்டவர் அதன் பிறகு எந்த வேடத்தில் வந்தாலும், வேடத்துக்குள் இருப்பது யார் என்று சபைக்குத் தெரியும். கிழவியாக, ராணியாக, அசட்டுச் செயலராக அவர் வந்தபோது மக்கள் இரண்டு பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிரிப்பு அந்த இடைவெளியில் பிறந்தது. தொகுப்பாளர் வேலை நடிப்புக்கு இடைஞ்சல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

அந்த நிகழ்ச்சியின் உழைப்பையும் சொல்ல வேண்டும். 28 பேர் கொண்ட இசைக்குழு, 12 நடனக் கலைஞர்கள், வாரம் அறுபதுக்குக் குறையாத உடைகள். வெள்ளிக்கிழமைகளில் பார்வையாளர் முன்னிலையில் இரண்டு முறை நடித்து, நன்றாக அமைந்ததைத் தேர்ந்து ஒளிபரப்பினார்கள். உடை வடிவமைப்பாளர் பாப் மேக்கி வேடத்தையே மாற்றிய சம்பவம் ஒன்று எங்கள் பயிற்சியில் மிகவும் பயன்பட்டது. திருமதி விக்கின்ஸ் என்ற அலுவலகச் செயலர் முதலில் தள்ளாடும் கிழவியாகத்தான் எழுதப்பட்டிருந்தார். மேக்கியோ இறுக்கமான பாவாடை ஒன்றைக் கொண்டுவந்தார். அது பின்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. இதைச் சரிசெய்ய வேண்டாமா என்று பர்னெட் கேட்டதற்கு, அந்தத் தொங்கலுக்குள் உடம்பைத் தள்ளி நடந்து பாருங்கள் என்றார் மேக்கி. நடந்ததும் ஒரு புதிய பெண் பிறந்துவிட்டார். 1976இல் 'கான் வித் த விண்ட்' என்ற பழைய ஹாலிவுட் படத்தைக் கேலி செய்த காட்சியில், ஜன்னல் திரையைக் கிழித்து உடை தைத்துக்கொள்ளும் நாயகி, திரை தொங்கும் கம்பியோடு சேர்த்தே தோள்மேல் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்ததும் மேக்கியின் கற்பனைதான். அந்த உடை இன்று வாஷிங்டனில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேரி மூரிடம் கற்றதை அவர் மறக்கவில்லை. உடன் நடித்த ஹார்வி கார்மன், டிம் கான்வே ஆகியோர் வரும் காட்சிகளில் அவர்களுக்கே முழு இடம் விட்டு ஒதுங்கி நின்றார். உங்களைப் போலவே இருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்று பள்ளி மாணவி ஒருத்தி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தப் பெண் கலந்துகொண்ட போட்டியை நேரில் போய்ப் பார்த்து அழைத்துவந்தார். அவர்தான் விக்கி லாரன்ஸ். ஆயிரம் டாலர் கடனின் மூன்றாவது நிபந்தனை நினைவுக்கு வருகிறது.

இதே நிகழ்ச்சியில் 1974இல் தொடங்கிய குடும்பக் காட்சிகள் ஒருவகையில் அவருடைய முதல் தன்வரலாறு. எரிந்து விழும் தாய், தோற்றுப்போன கனவுகளோடு கத்தும் மகள் யூனிஸ். எழுதியவர்கள் தாய் வேடத்தை அவருக்கென்று வைத்திருந்தார்கள். அவர் யூனிஸைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தாயாக நடித்த விக்கி லாரன்ஸ் அவரைவிடப் பதினாறு வயது இளையவர். பர்னெட் தம் குடும்பத்தாரின் டெக்சாஸ் பேச்சை யூனிஸ் வேடத்துக்குக் கொடுத்தார். எழுதியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நடிக்கவும் எழுதவும் கனவுகண்டு ஏதும் ஆகாமல்போன ஒரு பெண்ணை அவர் வேறு எந்தக் குரலில் பேசியிருக்க முடியும்? சிரிக்கவைக்கும் காட்சியில் நிஜமான வேதனை தெரிந்தது. சில காட்சிகளில் சிரிப்பு வருவதற்குள் நெஞ்சு அடைக்கும்.

1977இல் கார்மன் விலகிய பிறகு நிகழ்ச்சி தளர்ந்தது. நிறுவனம் இன்னொரு பருவம் தரத் தயாராக இருந்தும், அவர்கள் வந்து கதவைத் தட்டுவதற்குள் நாமே கிளம்பிவிடலாம் என்று முடித்துக்கொண்டார். பின்னால் 1991இல் அதே பெயரில் மீண்டும் தொடங்கியது சில வாரங்களிலேயே நின்றுபோனது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதிலேயே தேங்கி நிற்கவும் இல்லை.

நீதிமன்றமும் புத்தகமும்

1976இல், வாஷிங்டன் உணவகம் ஒன்றில் பர்னெட் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாகப் பொருள்படும்படி நேஷனல் என்கொயரர் இதழ் ஒரு துணுக்கு வெளியிட்டது. பிரபலங்கள் இதுபோன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடுவதே வழக்கம். தாயையும் தந்தையையும் மதுவுக்குப் பறிகொடுத்தவருக்கு அப்படி விட முடியவில்லை, வழக்குத் தொடுத்தார். 1981இல் நடுவர்கள் 16 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்றார்கள். மேல்முறையீடுகளில் தொகை பெரிதும் குறைந்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. கிடைத்த பணத்தில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் பொறுப்புள்ள இதழியலுக்கென்று நிதி ஏற்படுத்தினார். எழுத்தாளராக ஆசைப்பட்ட பெண், இதழ்களுக்கு எழுத ஆசைப்பட்ட தாயின் மகள், தன்னைப் பொய்யாக எழுதிய இதழின் பணத்தை இதழியல் மாணவர்களுக்குக் கொடுத்தார் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இதற்கிடையே 1979இல் ஒரு தொலைக்காட்சிப் படத்தில், வியட்நாம் போரில் சொந்தப் படையின் குண்டுக்கே மகனைப் பலிகொடுத்த விவசாயக் குடும்பத்துத் தாயாக நடித்தார். சிரிப்புக்கு இடமே இல்லாத வேடம் அது. யூனிஸ் வேடத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

1986இல் முதல் புத்தகம். தம் மூன்று பெண்களுக்கும் எழுதும் கடிதமாக அதைத் தொடங்கினார். நடித்த வேடங்களையும் வாங்கிய பரிசுகளையும் அதில் தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். அது அந்த 102ஆம் அறையின் கதை, பாட்டியின் கதை, எழுத்தாளராக முடியாமல்போன தாயின் கதை. மூத்த மகள் கேரி ஹாமில்டன் அதைப் படித்துவிட்டு, நாம் இருவரும் சேர்ந்து இதை நாடகமாக்கலாம் என்றார். இருவரும் எழுதினார்கள். 2002 ஜனவரியில், நாடகம் மேடையேறச் சில மாதங்களே இருக்கையில், கேரி புற்றுநோயால் 38 வயதில் இறந்தார். பர்னெட் நிறுத்தவில்லை, அந்த ஆண்டே சிகாகோவிலும் பிறகு நியூயார்க்கிலும் நாடகம் அரங்கேறியது. அதில் பர்னெட்டின் தாயாக நடித்த மிஷேல் பாக்குக்கு 2003இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது கிடைத்தது. எழுத வந்து தோற்ற ஒரு பெண்ணை அவருடைய மகளும் பேத்தியும் சேர்ந்து எழுதி மேடையேற்றினார்கள்.

பிறகு 2010, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மேலும் புத்தகங்கள். 2013இல் வந்தது மறைந்த மகளைப் பற்றியது. 2016இல் எழுதிய நூலைத் தம் குரலிலேயே வாசித்துப் பதிவுசெய்ததற்குக் கிராமி விருது பெற்றார். எழுத்தும் குரலும் அங்கே ஒன்றாயின. 2005இல் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம், 2013இல் மார்க் ட்வைன் பரிசு, 2019 முதல் அவர் பெயரிலேயே ஒரு கோல்டன் குளோப் விருது என்று கௌரவங்கள் வந்தன. 2018இல், 85 வயதில், நெட்ஃப்ளிக்ஸில் சிறுவர்களை உட்கார வைத்து அவர்களிடம் யோசனை கேட்கும் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். மற்றவற்றைவிட எனக்குப் பிடித்த கௌரவம் வேறொன்று. மாணவியாக இருந்தபோது ஹாலிவுட் வீதியில் ஒரு திரையரங்கில் டிக்கெட்டைப் பார்த்து இடம் காட்டும் வேலை செய்தார். படம் முடியப்போகும் நேரத்தில் வந்தவர்களை, முடிவைப் பார்த்துவிட்டால் படம் கெட்டுவிடும், அடுத்த காட்சிக்கு வாருங்கள் என்று தடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த வீதியின் நடைபாதையில் கலைஞர்களின் பெயரோடு பதிக்கும் நட்சத்திரக் கல் ஒன்றை அவர் பெயரில் பதிக்க முடிவானபோது, எங்கே வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் திரையரங்கின் வாசலைச் சொன்னார்.

எங்கள் பயிற்சியில்

இந்த ஆய்வை நான்கு சனிக்கிழமைகளில் வாசித்து முடித்தோம். ஐந்தாவது வாரத்திலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். வேடம் போடுவதற்கு முன், ஒவ்வொருவரும் கூடத்தின் எல்லா விளக்குகளும் எரியும்போது தன் பெயரைச் சொல்லி நிற்க வேண்டும். கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் எதிரே இருந்தவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நின்றவரும் பேசவில்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் குறுக்கிடவில்லை. இரண்டு மாதமாயிற்று அந்த மௌனம் கலைய.

தை மாதத்தில் கேள்வி கேட்ட அந்த மாணவிக்குச் சித்திரையில் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்துத் திருவிழா மேடையில் அரைமணி நேரம் கிடைத்தது. தானே எழுதிய நாடகம், தானே நடிப்பது, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவதும் அவரே. அப்பாவும் வந்திருந்தார், நாற்காலி இருந்தும் உட்காராமல் பந்தல் கால் ஓரமாக நின்றார். மேடைக்கு வந்த பெண், ஒலிபெருக்கிக்காரரிடம் கூட்டத்துப் பக்கம் இருக்கும் டியூப்லைட்டுகளைப் போடச் சொன்னார். முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, யாரும் கேட்கச் சொல்வதற்கு முன்பே, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்றார். கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்த பெண்ணும் சிரித்துவிட்டு, "பேரணாம்பட்டுல பீடி சுத்துற அம்மாவோட பொண்ணு பாட்டி. ஒக்காருங்க, அவங்க எப்பிடி சுத்துவாங்கன்னு காட்டுறேன்" என்று மேடையின் ஓரத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, மடியில் முறம் இருப்பதாக வைத்துக்கொண்டு, இலை வெட்டத் தொடங்கினார்.